தூளியும் பனியாறும்

சியாட்டிலில் இருக்கும் என் அக்கா மகளுக்கும் அவள் கணவருக்கும் அலாஸ்கா போய்வர நெடுநாள் ஆசை. ஏழு இரவு கப்பலில், அதன்பிறகு டெனாலி தேசியப் பூங்காவில் நான்கு நாள். இடையில் குழந்தை பிறந்தது. ஆசை அப்படியே இருந்தது. புறப்படும் நாளில் குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்திருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து அக்கா தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு ஐஸ் மலைக்கா போறிய? பேசாம வீட்ல கெடங்க." மகள் அம்மாவோடு வாதாடாமல் என்னைக் கூப்பிட்டாள். "சித்தி, நீங்களே சொல்லுங்க. போலாமா, கூடாதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அக்காவின் பயத்தில் நியாயம் இருந்தது. பிள்ளைகளின் ஆசையிலும் இருந்தது. கப்பல் நிறுவனங்களின் விதிகள், குழந்தை மருத்துவர்களின் அறிவுரைகள், பனிநாட்டு மக்கள் பிள்ளை வளர்த்த முறை, கைக்குழந்தையோடு கடலுக்கும் காட்டுக்கும் போனவர்களின் கதைகள் என்று ஒரு மாதம் தேடித் தேடிப் படித்தேன். வேண்டாம் என்பவர்கள் குளிரையும் அலையையும் கரடியையும் காட்டுகிறார்கள். போகலாம் என்பவர்கள், நடக்கத் தொடங்காத குழந்தையைப்போல் எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடியது வேறெதுவும் இல்லை என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஓரளவு உண்மை. ஆனால் நான் படித்த ஒவ்வொரு விதிக்கும், ஒவ்வொரு விபத்துக்கும் அடியில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு முடியாமல் போனால் மருத்துவமனையை எட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணக்கு அது. மைல் அல்ல, மணி. இதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் சிக்கல்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன.

கப்பலிலிருந்து தொடங்குகிறேன். பெரிய கப்பல் நிறுவனங்களில் பெரும்பாலானவை அலாஸ்கா போன்ற பயணங்களுக்கு ஆறு மாதம் நிறைந்த குழந்தையை ஏற்றுகின்றன. அதே நிறுவனங்கள் அட்லாண்டிக்கைக் கடப்பது, ஹவாய் போவது என்று தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாமல் ஓடும் பயணங்களுக்குப் பன்னிரண்டு மாதம் கேட்கின்றன. கப்பலும் கட்டிலும் சமையலறையும் ஒன்றே. இரண்டுக்கும் வேறுபாடு கரைக்கு எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான். அலைக்குப் பயந்து எழுதிய விதியாக இருந்தால் அது பருவத்தைப் பார்த்திருக்கும். இது வயதையும் கரையையும் பார்க்கிறது.

ஆறு மாதம் என்ற எல்லையும் காரணத்தோடு வந்ததுதான். இரண்டு, நான்கு, ஆறு மாதத் தடுப்பூசிகள் அதற்குள் விழுந்திருக்கும். கழுத்து நின்றிருக்கும். தாய்ப்பாலோடு கூழும் மசியலும் இறங்கத் தொடங்கியிருக்கும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பார்கள். ஆறு மாதம் தாண்டியபின் அந்த அவசரம் கொஞ்சம் தளரும். நம் வீடுகளில் மூன்றாம் மாதம் வரை குழந்தையை வாசல் தாண்ட விடாமல் வைத்திருந்தார்களே, காற்று கருப்பு என்று காரணம் சொன்னாலும் காப்பாற்றியது இந்த மாதங்களைத்தான். அக்காவின் பயம் அந்த வழியில் வந்தது. அதை நான் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன்.

கப்பலில் மருத்துவர் இருப்பார், செவிலியர் இருப்பார்கள், சிறிய சிகிச்சை அறை இருக்கும். குழந்தை மருத்துவர் இருப்பார் என்று நம்பக் கூடாது. முதலுதவி செய்து, நிலைமையைத் தாங்கிப் பிடித்து, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதுதான் அங்கே முடியும். அந்தத் துறைமுகம் எது என்பதையும் பார்க்க வேண்டும். அலாஸ்காவின் தலைநகரம் ஜூனோ. அங்கே மருத்துவமனை உண்டு. ஆனால் ஜூனோவுக்கு வெளியுலகிலிருந்து சாலை கிடையாது, விமானமோ படகோதான். தீவிரமான நிலையில் உள்ள கைக்குழந்தையை அங்கிருந்து ஆங்கரேஜுக்கோ சியாட்டிலுக்கோ விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். நான் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை, மருத்துவ விமானச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் டிக்கெட் எடுக்காதே என்பதுதான்.

அலையைப் பற்றிய பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. கடல் மயக்கம் அதிகமாக வாட்டுவது இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை. இரண்டு வயதுக்குள் அது அரிது. மயங்கிப் படுப்பது பெரும்பாலும் தாய்தான், அவள் போட்டுக்கொள்ளும் மாத்திரைதான் கவலை. தூக்கம் வரவழைக்கும் மருந்து தாய்ப்பால் வழியே குழந்தையையும் மந்தமாக்கலாம். புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் தீவுகளுக்கு இடைப்பட்ட உள்வழியில், ஏரிபோல அடங்கிய நீரில் வடக்கே போகின்றன. சியாட்டிலிலிருந்து கிளம்புபவை வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் ஓடுவது வழக்கம். ஒரே விளம்பரப் படம், இரண்டு விதக் கடல்.

கப்பலில் நான் உண்மையிலேயே பயப்படுவது வயிற்றுப்போக்குக்கு. பயணிகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் வாந்தி, பேதி வந்தால் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அந்தக் கப்பலின் பெயரைப் பொதுவில் வெளியிடுகிறது. பெரும்பாலும் காரணம் நோரோவைரஸ். பெரியவர்களுக்கு இரண்டு நாள் அவதி. தவழும் குழந்தைக்கு அதுவே நீரிழப்பு. கம்பளத்தில் கைவைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும் வயது அது. தாழ்வாரந்தோறும் வைத்திருக்கும் ஆல்கஹால் களிம்பு இந்தக் கிருமியிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் பெட்டியில் இருக்கட்டும். ஆறு மணி நேரமாக டயாபர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி அமிழ்ந்திருக்கிறது என்றால் கப்பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். கரடியைப் பற்றி நூறு பேர் எச்சரித்தார்கள். கம்பளத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

கப்பலில் ஏறியபின் தெரிந்து வருந்தக்கூடிய சின்ன விஷயங்கள் சில உண்டு. டயாபர் கட்டும் குழந்தைகளுக்கு நீச்சல் குளத்தில் அனுமதி இல்லை, நீருக்கென்றே செய்த டயாபர் கட்டினாலும் இல்லை. அதற்கென்று தனி வடிகட்டியோடு அமைத்த தண்ணீர் விளையாட்டிடம் இருந்தால்தான் உண்டு. பிள்ளைகள் மன்றம் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்துதான். ஆறு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் சில கப்பல்களில் மட்டும் இருக்கிறது. நம்மவர்கள் மறக்காமல் பெட்டியில் வைக்கும் மின்சாரக் கெட்டிலும் குட்டி ரைஸ் குக்கரும் ஏறும்போதே வாங்கி வைக்கப்படும். தீ விபத்துக்குப் பயந்து சூடேற்றும் கருவிகளை அறையில் அனுமதிப்பதில்லை. வீட்டில் செய்த சத்துமாவுக் கஞ்சிக்கும் அதே கதி வரலாம். முத்திரை பிரிக்காத குழந்தை உணவு போகும். வெந்நீரும் வெறும் சோறும் தயிரும் கேட்டால் கிடைக்கும். சாதாரண அறைகளில் குளியல் தொட்டி இருக்காது, ஷவர் மட்டும்தான். காற்றடைத்து விரிக்கும் சின்னத் தொட்டி ஒன்று போதும்.

உயிர்காப்பு உடை விஷயத்தில் பன்னாட்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் ஓடும் பயணிக் கப்பலில், ஏறியிருக்கும் கைக்குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அவர்கள் அளவில் ஓர் உயிர்காப்பு உடை இருந்தாக வேண்டும். கைக்குழந்தை என்றால் 15 கிலோவுக்குக் குறைந்த உடல். உயிர்காப்புப் படகில் குழந்தைக்கும் ஓர் ஆள் கணக்கு உண்டு. அறையில் இடமிருந்தும் சில சமயம் குழந்தையைச் சேர்க்க முடியாது என்று சொல்வது அதனால்தான். ஏறிய அன்றே அந்த உடையைக் கேட்டு வாங்கி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். சிறு படகுகளின் கதை வேறு. கயாக், ரப்பர் படகு, மீன்பிடி படகு இவற்றில் எட்டுக் கிலோவாவது தேறாத குழந்தையை ஏற்ற வேண்டாம் என்பது அங்கே படகுப் பாதுகாப்பு கற்பிப்பவர்களின் அறிவுரை. அதற்குக் குறைந்த உடம்பில் எந்த உடையும் சரியாக நிற்காது. தலையை நீருக்கு மேல் பிடித்து வைக்காது. கோடையிலும் அந்தக் கடல் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஏழு மாதக் குழந்தை கயாக்கில் ஏறக் கூடாது.

இனிக் காடு. காடு என்று நாம் சொல்லும் இடம் முதலில் யாருக்கோ வீடு. கப்பல்கள் நாளொன்றுக்கு இரண்டு மட்டுமே அனுமதிக்கப்படும் கிளேசியர் பே தேசியப் பூங்கா, ஹூனா கிளிங்கிட் மக்களின் பூர்வீகம். பதினெட்டாம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனியாறு அவர்கள் ஊர்களை அழித்து அவர்களைத் துரத்தியது. பனி பின்வாங்கிய பிறகு மீன்பிடிக்கவும் முட்டை பொறுக்கவும் திரும்பி வந்தார்கள். 1925இல் அரசு அதைக் காப்பிடமாக அறிவித்தது. பின்னால் வந்த கட்டுப்பாடுகள் அவர்களை மறுபடி விலக்கி வைத்தன. 2016இல்தான் அங்கே அவர்களுடைய குல மனை எழும்பித் திறக்கப்பட்டது. அந்தக் குடாவில் தலைமுறை தலைமுறையாகக் கைக்குழந்தைகள் தோணியில் போயிருக்கின்றன. வடக்கே உள்நாட்டு மக்கள் காய்ந்த பாசியைக் குழந்தைக்கு அடியில் வைத்துக் கட்டினார்கள். ஈரத்தை உறிஞ்சும், நாற்றத்தை அடக்கும், தூக்கி எறிந்தால் மண்ணாகும். காட்டில் குழந்தை வாழ முடியுமா என்று இன்று கேட்பவர்களுக்கு அந்தத் தாய்மார்கள் முன்னமே பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது, அந்த நிலத்தின் பழக்கமும், கூப்பிட்டால் வரும் உறவும்.

குளிரைப் பற்றி அவர்களிடம் கற்க வேண்டியது நிறைய. இனுயிட் பெண்கள் அணியும் அமௌட்டி என்ற மேலங்கியில் முதுகுப்பக்கம் ஒரு பை இருக்கும். குழந்தை அதற்குள், தாயின் முதுகோடு ஒட்டி, அவள் சூட்டிலேயே இருக்கும். பெரிய முக்காடு இருவர் தலைக்கும் சேர்த்து. இன்றைய மலையேறிகள் வாங்கும் அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப் பையில் குழந்தை வெளியே தொங்குகிறது. தூக்கி நடப்பவருக்கு வியர்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஒரு துளிச் சூடும் பிறக்காது. தொங்கும் காலில் ரத்த ஓட்டமும் தளரும். கைக்குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், தலை பெரிது, நடுங்கிச் சூடேற்றும் திறன் குறைவு. தனக்குப் போதுமான உடையை வைத்துக் குழந்தையின் குளிரை அளப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. அரைமணிக்கு ஒருமுறை நின்று, பிடரியில் கைவைத்துப் பார்க்க வேண்டும். கை கால் சில்லிட்டிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. பிடரி சில்லென்றிருந்தால் உடனே உள்ளே. குழந்தை வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டால் அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

குளிரே ஆகாது என்றும் இல்லை. பின்லாந்திலும் நார்வேயிலும் பனிக்காலத்திலும் தள்ளுவண்டியில் போர்த்திக் குழந்தையை வெளியில் தூங்க வைக்கிறார்கள். நீண்ட நேரம் நன்றாகத் தூங்குகிறது என்று பெற்றோர் சொல்கிறார்கள். உலர்ந்த குளிர், காற்று மறைவு, கூப்பிடு தூரத்தில் கதவு. அலாஸ்காவின் தென்கிழக்கில் கோடைக் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். ஆனால் ஓயாத தூறல். நனைந்த பருத்தித் துணிதான் அங்கே எதிரி. கம்பளியும் மழை உடையும் இருந்தால் குழந்தை தாங்கும்.

தூக்கி நடப்பதில் குழந்தைக்கு ஒரு லாபமும் உண்டு. ஜப்பானில் குமி குரோடாவின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாய் சும்மா மடியில் வைத்திருப்பதைவிடத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அழுகை சட்டென்று குறைவதையும், இதயத் துடிப்பு இறங்குவதையும் அளந்து காட்டினார்கள். பழைய சேலையில் தூளி கட்டி ஆட்டிய நம் ஆச்சிகளுக்கு இது செய்தியே அல்ல. கைக்குழந்தையோடு காட்டில் நடந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்று: நடக்கும்வரை சத்தமே இல்லை, நின்றால்தான் வழக்கு.

இப்போது கரடி. பயப்பட வேண்டியது குழந்தையைக் குறித்தல்ல, குழந்தையின் மூட்டையைக் குறித்து. பால்பொடி, ஈரத்துணி, எண்ணெய், அழுக்கு டயாபர் எல்லாமே வாசனைப் பண்டங்கள். டெனாலியின் உட்காட்டில் முகாம் போடுபவர்கள் உணவையும் வாசனைப் பொருளையும் கரடி திறக்க முடியாத உருளையில் வைப்பது கட்டாயம். டயாபரைப் புதைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். மூன்று நாள் டயாபர் எவ்வளவு கனக்கும் என்று தாய் அறிவாள். பூங்கா வாசலருகே உள்ள முகாமில் தங்கிப் பகலில் மட்டும் உள்ளே போய்வருவது இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குச் சரியாகப் படுகிறது.

கொசு வேறு. உள்நாட்டு அலாஸ்காவில் ஜூன், ஜூலையில் மொய்க்கும். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு டீட் கலந்த மருந்தைக் குறைந்த அளவில், கையிலும் கண்ணருகிலும் படாமல், பெரியவர் கையால் தடவலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். இயற்கை என்று நம்பி வாங்கும் எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயோ மூன்று வயதுக்குக் கீழ் கூடாது. வலைதான் முதல் தேர்வு. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா இருக்கலாம். ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றித்தான் பால் கலக்க வேண்டும். குளிருக்குப் பயந்து அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துவிடக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவரின் தூக்கப் பைக்குள் குழந்தையை இழுத்துக்கொள்வதும் மூச்சுமுட்டும் ஆபத்து. தனிப் படுக்கையில் மல்லாந்து, அடுக்கடுக்கான உடையோடு படுக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் ஊர் அது. இருட்டுத் திரை கொண்டுபோகாதவர்கள் குழந்தையோடு சேர்ந்து விழித்திருப்பார்கள்.

டெனாலிக்கும் அந்த மணிக் கணக்கை வைத்துப் பார்த்தேன். பூங்கா வாசலிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் சுமார் 190 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். குழந்தைகளுக்கென்றே மருத்துவமனை உள்ள ஆங்கரேஜ் சுமார் 380 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல். பூங்காவுக்குள்ளே ஒரே சாலை, 92 மைல். 2021இல் நிலச்சரிவால் 43ஆம் மைலுக்கு அப்பால் அது அடைபட்டது. அதுவரை பேருந்தில் போய்வரவே அரை நாள். அலாஸ்கா சட்டப்படி அந்தப் பேருந்திலும் சின்னக் குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். அதை நாமே கொண்டுபோக வேண்டும். ஐந்து மணி நேரம் ஏழு மாதக் குழந்தையை இருக்கையில் கட்டி வைப்பதில் சாகசம் எதுவும் இல்லை, கொடுமைதான் இருக்கிறது. ஆனால் முதல் 15 மைல் சொந்தக் காரில் போகலாம். சாவேஜ் ஆறு வரும். ஆற்றின் இரு கரையும் சுற்றிவர மூன்று கிலோமீட்டர் சொச்சம், பெரிய ஏற்றம் இல்லை. நினைத்த நிமிடம் திரும்பலாம். டெனாலி மலைமுகட்டைக் காண மேகம் விலக வேண்டும். அது பேருந்தில் போனாலும் விலகாமல் போகலாம்.

துறைமுகங்களிலும் இதே அளவுகோல்தான். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றைத் தள்ளுவண்டி உருளும் பாதையிலிருந்தே பார்க்கலாம். ஸ்காக்வேயில் 1900இல் கட்டி முடித்த வெள்ளைக் கணவாய் ரயில் 873 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. குழந்தை மடியில் தூங்க, பள்ளத்தாக்கு ஜன்னலில் ஓடும். ஹெலிகாப்டரில் பனியாற்றின்மேல் இறங்கும் சுற்றுலாவை விட்டுவிடலாம். சத்தமும் காற்றும் காதடைப்பும், இவை மூன்றும் கைக்குழந்தைக்கு ஆகாதவை. பல நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதும் இல்லை.

இதையெல்லாம் தாண்டிப் போனவர்களும் உண்டு. எரின் மெக்கிட்ரிக் என்ற எழுத்தாளர் 2011இல், ஒரு வயது நிரம்பாத மகளோடும் இரண்டு வயது தாண்டிய மகனோடும் கணவரோடும் மலாஸ்பினா பனியாற்றில் இரண்டு மாதம் கூடாரமடித்து வாழ்ந்தார். அதற்கு முன் அவரும் கணவரும் சியாட்டிலிலிருந்து அலூஷியன் தீவுகளை நோக்கி 4,000 மைல் தங்கள் உடல் வலுவிலேயே கடந்தவர்கள். அந்த நிலத்துக்கே குடிபோனவர்கள். 2013இல் அவர் எழுதி வெளியிட்ட 'ஸ்மால் ஃபீட், பிக் லாண்ட்' பிள்ளைகளோடு அலாஸ்காவில் வாழ்ந்த கதை. அவர்களுக்கு அந்தப் பனி ஒரு வாரச் சுற்றுலா அல்ல, அறிந்த முற்றம். ஆண்டுக்கு இரண்டு வாரம் விடுமுறை கிடைக்கும் கணினிப் பொறியாளர் அவர்களைப் பார்த்து மகிழலாம், பார்த்துச் செய்யக் கூடாது.

2014 ஏப்ரலில் நடந்தது இதற்கு நேர் எதிர். மெக்சிகோவிலிருந்து தென் பசிபிக் தீவுகளை நோக்கிப் பாய்மரப் படகில் ஓர் அமெரிக்கக் குடும்பம் புறப்பட்டிருந்தது. மூன்று வயதில் ஒரு மகள், ஒரு வயதில் இன்னொரு மகள். தாயும் தந்தையும் கடல் அறிந்தவர்கள். சிறியவளுக்குப் புறப்படுமுன் வயிற்றுத் தொற்று வந்து, தேறிவிட்டதாக மருத்துவர் சொன்னபிறகே கிளம்பினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கரையிலிருந்து ஏறக்குறைய 900 மைல் தொலைவில் குழந்தைக்குக் காய்ச்சலும் தடிப்பும் கண்டது, மருந்துக்கு அடங்கவில்லை. படகும் பழுதாகியிருந்தது. கலிபோர்னியாவின் வான் காவல் படை மீட்பு வீரர்கள் பாராசூட்டில் கடலில் குதித்து, படகில் ஏறிக் குழந்தைக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். பிறகு போர்க்கப்பல் ஒன்று வந்து எல்லாரையும் சான் டியேகோவுக்குக் கொண்டுபோனது. வீடாகவும் இருந்த அந்தப் படகைக் கடலிலேயே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. குழந்தை பிழைத்தது.

அந்தப் பெற்றோர்மேல் அன்று விழுந்த வசையைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பொறுப்பற்றவர்கள், பிள்ளைகளைப் பிடுங்க வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். அவர்களிடம் திறமை இருந்தது, அன்பு இருந்தது, முன்யோசனையும் இருந்தது. இல்லாதது நேரம். அந்தக் கடல் வழியில் பல நாட்களுக்கு மருத்துவமனை இல்லை. எந்தத் திறமையாலும் அந்த நாட்களை மணிகளாக்க முடியாது. அதே காய்ச்சல் சான் டியேகோ துறைமுகத்தில் வந்திருந்தால் ஓர் ஆட்டோ தூரம், ஓர் இரவு விழிப்பு, அவ்வளவுதான். நான் அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு வயதுக் குழந்தையோடு அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவும் மாட்டேன்.

பேசாமல் விடப்படும் இன்னொன்று தாயின் உழைப்பு. வீட்டில் இருக்கும் வசதிகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு அதே வேலையைக் குறுகிய அறையில் செய்வதுதான் பல தாய்மார்களுக்கு இந்த விடுமுறை. குழந்தை பகலில் தூங்கும் இரண்டு வேளையும் அறையில் யாராவது இருந்தாக வேண்டும். கணவர் மேல்தளத்தில் திமிங்கிலம் பார்க்க, மனைவி இருட்டறையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பயணம் யாருடையது? முறை போட்டுக்கொள்ள வேண்டும், அதைப் புறப்படுமுன் பேசிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக ஒரு பெரியவர் உடன் வந்தால் பயணத்தின் குணமே மாறிவிடும்.

அதைத்தான் நான் மகளிடம் சொன்னேன். உங்கம்மாவைக் கூப்பிட்டுக்கொள். இதற்கும் ஒரு தாள் வேலை உண்டு: அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல் நடுவே ஓர் அந்நியத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. அதனால் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்குச் சிக்கல் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோருக்கும் பாட்டிக்கும் கனடா விசா வேண்டும். வேறு நாட்டைத் தொடும் பயணம் என்பதால், ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே போடுவது பற்றியும் மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன்.

கடைசியில் அக்காவின் கேள்வி ஒன்று மிஞ்சியது. "இவ்வளவு கஷ்டப்பட்டுப் போய் அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போவுது?" உண்மைதான். மூன்று வயதுக்கு முந்திய நாட்கள் அநேகமாக யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. ஆனால் நினைவில் தங்காது என்பதற்காக நாம் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடாமல் இருக்கிறோமா?

1893 செப்டம்பர் 12 அன்று வடக்குக் கிரீன்லாந்தில், துருவப் பயணி ராபர்ட் பியரியின் முகாம் வீட்டில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தாய் ஜோசபின் அந்தப் பயணத்தில் கணவரோடு போயிருந்தார். குழுவில் ஒரு மருத்துவரும் தாதி ஒருவரும் இருந்தார்கள். குழந்தை பிறந்து சில வாரங்களில் சூரியன் மறைந்து மூன்று மாதத்துக்கும் மேல் எழவே இல்லை. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி குழந்தைக்குத் தோலில் உடை தைத்துக் கொடுத்தாள். அவள் பெயரையே நடுப்பெயராக வைத்து மேரி அனிகிடோ பியரி என்று அழைத்தார்கள். ஒரு வயது நிரம்பும் தறுவாயில் தாய் அவளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி ஊர் திரும்பினார். 1901இல் ஜோசபின் 'தி ஸ்னோ பேபி' என்ற புத்தகத்தில் அந்த நாட்களை எழுதி வைத்தார்.

1932இல், தந்தை இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆனபின், அந்த மேரி ஒரு குழுவோடு கிரீன்லாந்துக்குக் கப்பலேறினார். யார்க் முனையில் தந்தைக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பிவிட்டுத் திரும்பினார்.

மகளும் மாப்பிள்ளையும் வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பலில் இடம் பிடித்திருக்கிறார்கள். டெனாலியில் நான்கு நாள் இரண்டாகக் குறைந்தது. பேருந்து இல்லை, சாவேஜ் ஆறு மட்டும். அக்காவுக்கு விசா வந்துவிட்டது. பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். கப்பல் அறையில் தூளி கட்ட விட்டம் இருக்காது, கூரையில் கொக்கி இருக்காது என்று சொன்னேன். "இருக்கட்டும்ளா, போத்தவாவது ஆவும்" என்றாள்.